வாடைநாட்டுக் களஞ்சியத்துக்கு எத்தனை பூட்டு?

கோவையிலும் ஈரோட்டிலும் கற்பனை நாடு படைக்கிறவர்கள் இப்போது கொஞ்சம் பெருகித்தான் விட்டார்கள். கைபேசியில் தொடர்கதை எழுதுகிறவர்கள், வீடியோ கேமுக்குக் கதைக்களம் போடுகிறவர்கள், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஆடும் அட்டை விளையாட்டுக்கு வரைபடம் வரைகிறவர்கள் என்று பல வகை. இவர்களில் பாதிப் பேருக்கு வடக்குதான் வேண்டும். பனி, ஊசியிலைக் காடு, மரவீடு, மன்னனை விரட்டிவிட்ட ஒரு குடியரசு. கொடிக்கு என்ன நிறம், தேசிய கீதம் என்ன, மன்றத்தில் எத்தனை இருக்கை, எத்தனை மாகாணம் என்பதெல்லாம் முதல் நாளே முடிவாகிவிடும். முப்பது பக்கம் போனதும் கதை படுத்துவிடும். ஏன் படுக்கிறது என்று எழுதினவருக்கே தெரியாது. காங்கயம் பக்கத்துப் பண்ணையக்காரர் ஒருவரிடம் அந்த நாட்டைச் சொல்லிப் பாருங்கள். கொடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். "அதெல்லாஞ் சரீங்க, ஏழு மாசம் பனின்னா மாட்டுக்கு என்னத்தப் போடுவாங்க?" என்பார். இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் யாரும் அரசியல் சட்டம் எழுதக்கூடாது என்பது என் கட்சி. வடநாட்டுக் குடியரசின் மன்றம், வரி, தேர்தல், போர் எல்லாமே இந்தப் பதிலிலிருந்துதான் கிளம்பும்.

முதலில் அட்சரேகை

நம் நாட்டுக்கு வாடைநாடு என்று பெயர் வைத்துக்கொள்வோம். 60 டிகிரி வடக்கில் நிறுத்துவோம். ஹெல்சிங்கி, ஆஸ்லோ, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் எல்லாம் இந்தக் கோட்டை ஒட்டியே இருக்கின்றன. நம் ஆட்கள் செய்யும் முதல் கோளாறு, ஊட்டியை மனதில் வைத்து வடக்கை எழுதுவது. மார்கழி, தையில் ஊட்டியில் உறைபனி விழும், புல் வெளுக்கும், ஒன்பது பத்து மணிக்கெல்லாம் வெயில் வந்து உருக்கிவிடும். உயரத்தால் வந்த குளிர் அது. சூரியன் நம் சூரியன்தான். கோவை 11 டிகிரியில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். வாடைநாட்டில் டிசம்பர் கடைசியில் பகல் 6 மணி நேரத்துக்கும் குறைவு, ஜூன் கடைசியில் கிட்டத்தட்ட 19 மணி நேரம். டிசம்பர் நடுப்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து ஆறரை டிகிரிக்கு மேல் ஏறாது. ஐந்தரை அடி ஆள் ஒருவர் வெட்டவெளியில் நின்றால், உச்சி வேளையிலேயே அவர் நிழல் 48 அடிக்கு நீளும். அதே நாள், அதே வேளையில் கோவையில் நின்றால் நாலடிக்குள் அடங்கிவிடும்.

கதையில் இது எத்தனை இடத்தில் உதைக்கும் என்று பாருங்கள். குளிர்காலத்தில் "நண்பகல் வெயிலில் படை நின்றது" என்று எழுத முடியாது. கோடையில் "இருட்டும்வரை காத்திருந்தான்" என்றால் ராத்திரி பதினொன்று வரை காத்திருக்க வேண்டும், அப்போதும் முழு இருட்டு வராது. மொட்டைமாடி வீடும் கிடையாது. 1000 சதுர அடிக் கூரைமேல் இரண்டடி உயரத்துக்குப் படிந்து இறுகின பனி ஏறத்தாழ 14 டன் எடை இருக்கும். கூரை செங்குத்தாகச் சரிய வேண்டும், இல்லாவிட்டால் யாராவது ஏறித் தள்ள வேண்டும். ஊர்ப் பொதுக்கட்டடத்தின் கூரைப்பனியை யார் தள்ளுவது என்பதே ஒரு ஊராட்சித் தீர்மானம்.

தீவனக் கணக்கு

இப்போது பண்ணையக்காரர் கேள்விக்கு வருவோம். பழைய வடநாட்டு மாடு சின்ன மாடு, 300 கிலோ என்று வையுங்கள். மாடு தன் எடையில் நூற்றுக்கு இரண்டு, இரண்டரைப் பங்கு காய்ந்த தீவனம் தின்னும். நாளுக்கு ஏழரை கிலோ. ஏழு மாதம், அதாவது 210 நாள், தொழுவத்துக்குள்ளேயே கட்டிக் கிடந்தால் ஒரு மாட்டுக்கு ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் மேல். நாலு மாடும் ஒரு குதிரையும் வைத்திருக்கும் வீட்டுக்கு எட்டு டன்னுக்கு மேல் உலர்புல் வேண்டும். இயற்கைப் புல்வெளியில் ஏக்கருக்கு அரை டன் கிடைத்தால் போதும் என்று வைத்தாலும் 16 ஏக்கர். நீளக்கைப்பிடி அரிவாளோடு தேர்ந்த ஆள் ஒருவர் நாளுக்கு ஏறத்தாழ ஒரு ஏக்கர் அறுப்பார். அறுத்தது தொடர்ந்து மூன்று நான்கு நாள் வெயில் பார்க்க வேண்டும். இத்தனையும் ஜூலையை ஒட்டிய சில வாரங்களுக்குள் முடிந்தாக வேண்டும். நம் ஊரில் சோளத்தட்டை அறுத்துப் போர் போட்டுப் பங்குனி சித்திரையைத் தள்ளுகிற அதே வேலைதான்; அங்கே தள்ள வேண்டியது ஏழு மாதம், அவ்வளவே.

எங்கே கெடும்? ஈரத்தோடு போர் போட்டால் கெடும். ஈரம் நூற்றுக்கு இருபதுக்குமேல் இருந்தால் உள்ளே நுண்ணுயிர் வேலை செய்யத் தொடங்கும், போர் சூடேறும். கடலைக்கொடியைப் பச்சையாய்ப் போர் போட்டவர்களுக்கு இது தெரியும்: இரண்டு வாரம் கழித்துக் கையை உள்ளே விட்டால் வெதுவெதுவென்று இருக்கும், பிடித்து இழுத்தால் காபித்தூள் நிறத்தில் வரும், மூக்கில் பூஞ்சணம் ஏறும். பெரிய உலர்புல் போரில் சூடு 70, 80 டிகிரியைத் தாண்டினால் தானாகவே தீப்பிடிக்கலாம். பழைய ஆட்கள் போருக்குள் இரும்புக் கம்பியைச் செருகிக் கால் மணி நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்ப்பார்கள். கையில் பிடிக்க முடியாத சூடென்றால் போரைக் கலைக்க வேண்டும். கலைக்கும்போது காற்றுப் பட்டு அப்போதே பற்றவும் பற்றும், அதனால் தண்ணீரோடு ஆள் நிற்க வேண்டும். வில்லன் தீ வைத்தான் என்று எழுதுவதற்கு முன் இதை யோசியுங்கள். மழையில் அவசரப்பட்டு அடுக்கின ஒரு சோம்பேறியால் ஊரே மாட்டை இழக்கிற கதைக்கு வில்லனே தேவையில்லை.

ஐஸ்லாந்துக்காரர்கள் இதைச் சரியாகப் பிடித்தார்கள். 930இல் திங்வெட்லிர் என்ற இடத்தில் ஆல்திங் என்ற மன்றத்தை அமைத்தார்கள். மன்னன் கிடையாது, உத்தரவை நடத்தி வைக்க அதிகாரியும் கிடையாது. ஆண்டுக்கொருமுறை ஜூனில் இரண்டு வாரம் போலக் கூடுவார்கள். ஏன் ஜூன்? வசந்தத்தில் ஆடு குட்டி போடும் வேலை முடிந்திருக்கும், புல் அறுப்பு தொடங்கியிருக்காது. சட்டத்தை எழுத்தில் வைக்காத காலத்தில் சட்டம் சொல்பவர் என்று ஒருவர் இருந்தார். மூன்றாண்டுப் பதவி, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக முழுச் சட்டத்தையும் பாறைமேல் நின்று வாயால் ஒப்பிக்க வேண்டும். உங்கள் வாடைநாட்டு மன்றம் ஜூலையில் கூடுகிறது என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். ஜூலையில் வருகிறவன் நிலமில்லாதவனாகவோ, தனக்குப் பதில் அறுக்க ஆள் வைத்திருப்பவனாகவோதான் இருப்பான். வேண்டுமென்றே ஜூலையில் கூட்டம் வைத்துச் சின்னப் பண்ணையக்காரர்களை வரவிடாமல் செய்யும் ஒரு கட்சியை வைத்தால், அது நல்ல கதை.

பனிதான் ரோடு

அடுத்த கோளாறு, குளிர்காலத்தில் போக்குவரத்து நின்றுபோகும் என்று நினைப்பது. நேர்மாறு. கோடையில் வடக்கு என்றால் சேறும் சதுப்பும்தான். ஆறும் ஏரியும் உறைந்த பிறகுதான் சமமான, நேரான பாதை கிடைக்கிறது. மரம் இழுப்பது, வரி வசூல், சந்தை, பெண் பார்க்கப் போவது எல்லாம் சறுக்குவண்டியில் குளிர்காலத்தில்தான். தெளிந்த நீலப் பனிக்கட்டி 4 அங்குலம் இருந்தால் ஆள் நடக்கலாம். சுமை ஏற்றிய குதிரை வண்டிக்கு 8 அங்குலமாவது வேண்டும். பனி கலந்து உறைந்த வெள்ளைக் கட்டி அதில் பாதி பலம்தான் தாங்கும். ஓடும் தண்ணீர்மேல், பாலத்தூண் ஓரத்தில், ஊற்றுக்கண் இருக்கும் இடத்தில் கட்டி மெலிந்திருக்கும். மேலே விழுந்த பனி போர்வைபோலக் குளிரைக் கீழே விடாது. அதனால் பாதை போடுகிறவர்கள் பனியை ஒதுக்கியோ மிதித்து இறுக்கியோ விட்டால்தான் கட்டி தடிக்கும்.

உண்மையான அடைப்பு இரண்டு முறை வரும்: இலையுதிர்காலத்தில் கட்டி பிடித்தும் பிடிக்காமலும் இருக்கும் வாரங்கள், வசந்தத்தில் கட்டி உளுத்துப்போகும் வாரங்கள். இந்த இரண்டாவதைக் கவனியுங்கள். ஏப்ரலில் கட்டி இன்னும் ஒன்றரை அடி கனம் இருக்கலாம். ஆனால் வெயில் பட்டு அது நெட்டுக்குத்தான ஊசிகளாகப் பிரிந்திருக்கும். கோலால் குத்தினால் சலசலவென்று உதிரும். அளந்து பார்த்துக் கனம் இருக்கிறதே என்று குதிரையை இறக்கினவன் குதிரையோடு போவான். படகும் போகாது, வண்டியும் போகாது. அந்தச் சில வாரங்கள் வாடைநாட்டின் ஒவ்வொரு ஊரும் தனித்தீவு. தலைநகரத்து உத்தரவு வராது, படை வராது, தானியமும் வராது.

விதை இருக்கிறது, சோறு இல்லை

குடியரசு பிறக்கும் இடம் இதுதான் என்பேன். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பார்லி ஏக்கருக்கு 60 கிலோ விதை. பழைய முறை விவசாயத்தில் விதைத்ததற்கு மூன்று மடங்கு, நான்கு மடங்குதான் விளைச்சல். நான்கு மடங்கென்றே வைப்போம்: ஏக்கருக்கு 240 கிலோ. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் கிலோ தானியம் வேண்டும். ஆறு ஏக்கர் விதைத்தால் 1440 கிலோ. அடுத்த விதைக்கு 360 எடுத்து வைத்தால் சாப்பாட்டுக்கு 1080. மூன்றில் ஒரு பங்கு நிலம் தரிசு கிடக்க வேண்டுமென்பதால் மொத்தம் ஒன்பது ஏக்கர். நல்ல ஆண்டிலேயே கணக்கு இப்படி விளிம்பில் நிற்கிறது. வரிக்கு என்று ஒரு படி மிச்சமில்லை. வடக்கத்தி நாடுகள் தானிய வரியை நம்பாமல் மென்மயிர்த் தோல், தேன்மெழுகு, வெண்ணெய், தார் என்று வியாபாரச் சரக்கைப் பிடித்துக்கொண்டது இதனால்தான்.

இப்போது ஆகஸ்டில் ஒரே ஒரு இரவு, மேகமில்லாமல், காற்றில்லாமல் வரட்டும். கதிரில் பால் பிடிக்கும் சமயத்தில் உறைபனி இறங்கினால் போச்சு. பள்ளத்தில் இருக்கும் வயல் முதலில் போகும், ஏனென்றால் குளிர்ந்த காற்று தண்ணீரைப்போலத் தாழ்வான இடத்தில் தேங்கும். பின்லாந்தில் மேட்டுநிலத்தைத் தேடி வயல் போட்டது இதற்காகத்தான். விளைச்சல் நான்கு மடங்கிலிருந்து மூன்று மடங்காகக் குறைந்தது என்று வையுங்கள். 1080 கிலோவில் விதை போக 720. எட்டு மாதச் சாப்பாடு. செப்டம்பரில் தொடங்கினால் ஏப்ரல் கடைசியில் குதிர் காலி. ஆற்றில் கட்டி உளுத்துப்போகும் அதே வாரங்கள். நாற்பது வீட்டு ஊர், 200 பேர், ஊர்க் களஞ்சியத்தில் 14 டன் விதைப் பார்லி. தின்றால் நான்கு மாதம் தாங்கும். தின்றுவிட்டால் மே மாதம் விதைக்க ஒன்றுமில்லை, ஆகஸ்டில் அறுக்கவும் ஒன்றுமில்லை. மூன்றில் ஒரு பங்கை மட்டும் தின்று வீட்டுக்கு நாலு ஏக்கர் விதைத்தாலும், அடுத்த முறை நான்கு மடங்கு நல்ல விளைச்சலே வந்தாலும், ஆறு ஏக்கருக்கும் விதை எடுத்தது போக ஏழு மாதத்துக்குக்கூட வராது. பஞ்சம் அடுத்த ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிடும். ஒரு முறை விதையில் கை வைத்தால் ஒவ்வொரு ஆண்டும் பசி கொஞ்சம் முன்கூட்டியே வரும்.

யார் முடிவு செய்வது? மன்னன் இருந்தால் காவல் போடுவான். குடியரசில் பூட்டு போட வேண்டும். களஞ்சியக் கதவுக்கு மூன்று பூட்டு வைக்கலாம், மூன்றும் வேறு வேறு சாவி. ஒன்று ஊர் தேர்ந்தெடுத்த தலைவரிடம், ஒன்று பூசாரியிடம், ஒன்று நிலம் குறைந்த வீடுகளிலிருந்து சீட்டுப் போட்டு எடுத்த ஒருவரிடம். பிறகு இதை எப்படியெல்லாம் கெடுக்கலாம் என்று உட்கார்ந்து யோசியுங்கள், அதுதான் எழுதுகிறவரின் வேலை. மூன்று பேரும் பத்தாண்டில் மாமன் மச்சான் ஆகிவிடுவார்கள். ஒருவர் வேட்டைக்குப் போய்த் திரும்பாமல் சாவி காட்டில் கிடக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய திருட்டு, அளவையில் நடக்கும்: வசந்தத்தில் கடன் கொடுக்கும்போது வள்ளம் என்ற அளவைப் படியைத் தலைதட்டி அளப்பது, இலையுதிர்காலத்தில் திரும்ப வாங்கும்போது கும்பமாகக் குவித்து அளப்பது. கூம்பில் நிற்கும் அந்தத் தானியம்தான் பல ஊரில் பணக்காரனை உண்டாக்கியது. ஆகவே வாடைநாட்டு அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு பேச்சுரிமையாக இருக்க வேண்டாம், அளவைப் படியின் விட்டமும் ஆழமுமாக இருக்கட்டும். மாதிரிப் படி யாரிடம் இருக்க வேண்டும் என்பது இரண்டாம் பிரிவு. இன்றைய ரஷ்யாவின் வடமேற்கில் இருந்த நோவ்கரத் என்ற பழைய நகரக் குடியரசில் மெழுகு எடைபோடும் அதிகாரம் இளவரசனிடம் இல்லை. புனித இவான் தேவாலயத்தைச் சேர்ந்த மெழுகு வணிகர் குழுவிடம் இருந்தது.

நோவ்கரதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 1136இல் இளவரசன் விசெவலோதை வெளியேற்றிய நகரம் அது. அதற்குப் பிறகு இளவரசன் என்பவன் ஒப்பந்தக்காரன்: படை நடத்துவான், ஆனால் நோவ்கரத் நிலத்தில் சொத்து வாங்கக்கூடாது. முடிவுகளை வேச்சே என்ற நகரக் கூட்டம் எடுத்தது. பேராயரைக்கூட மூன்று பெயரைச் சீட்டெழுதிப் பலிபீடத்தில் வைத்து எடுத்தார்கள். இவ்வளவு எச்சரிக்கையான ஊருக்கு ஒரு குறை: தானியம் தெற்கிலிருந்து வர வேண்டும், வரும் வழி தோர்ஷோக் என்ற சிற்றூர். 1215 இலையுதிர்காலத்தில் நோவ்கரத் நிலத்தில் உறைபனி பயிரைக் கொன்றது. தோர்ஷோக்கில் மட்டும் பயிர் தப்பியது. நகரத்தோடு பிணங்கின இளவரசன் யாரோஸ்லாவ் தோர்ஷோக்கில் உட்கார்ந்துகொண்டு, ஒரு வண்டித் தானியத்தைக்கூட உள்ளே விடவில்லை. நகரத்தார் பைன் பட்டையும் லிண்டன் மர இலையும் பாசியும் தின்றதாக அவர்களுடைய ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. மதிலை உடைக்கவில்லை, முற்றுகைக் கருவி கொண்டுவரவில்லை, ஒரு சந்தியை மறித்தான், அவ்வளவுதான். அடுத்த ஏப்ரலில் லிப்பித்சா போரில் நோவ்கரத் சேர்ந்த அணி அவனைத் தோற்கடித்தது என்பது வேறு விஷயம். உங்கள் வரைபடத்தில் தோர்ஷோக் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்ட முடியவில்லையென்றால் வரைபடம் இன்னும் முடியவில்லை.

கூட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள்

மன்னனில்லாத நாடு என்றதும் எல்லோரும் சமம் என்று எழுதிவிடுகிறார்கள். நோவ்கரதின் மென்மயிர்த் தோலில் பெரும்பங்கு, வடக்கிலும் கிழக்கிலும் இருந்த வேறு மொழி பேசும் வேட்டைக் குடிகளிடம் திறையாக வாங்கியது. வேச்சேயில் அவர்களுக்கு இடமில்லை. ஐஸ்லாந்தில் தொடக்க காலத்தில் அடிமைகள் இருந்தார்கள். கொங்கில் 24 நாட்டுப் பெருமை பேசும்போது ஊர்க்கூட்டத்தில் திண்ணைமேல் யார் உட்கார்ந்தார்கள், யார் கீழே கைகட்டி நின்றார்கள், யாரை அந்தத் தெருவுக்குள்ளேயே விடவில்லை என்பதை நாம் லேசாகத் தாண்டிப் போவதில்லையா? வாடைநாட்டுக்கும் அந்தக் கண் வேண்டும். கூரைப்பனி தள்ளுகிறவன், தார் காய்ச்சுகிறவன், தோல் கொண்டுவந்து போட்டுவிட்டு வாசலோடு திரும்புகிறவன், இவர்களில் யாருக்கு வாக்கு இல்லை என்று எழுதினால்தான் அந்த நாட்டுக்கு உண்மையில் ஒரு வரலாறு தொடங்கும். அவர்களுடைய குரலுக்கு ஆதாரமும் படைக்கலாம். நோவ்கரத் மண்ணில் 1951 முதல் பூர்ச்ச மரப்பட்டையில் கீறின கடிதங்கள் ஆயிரத்துக்குமேல் கிடைத்திருக்கின்றன: கடன் பாக்கி, வீட்டுச் செய்தி, ஒன்ஃபிம் என்ற சிறுவன் எழுத்துப் பழகியபடி கிறுக்கின குதிரை. நொய்யல் கரையில் கொடுமணல் பானை ஓட்டில் பெயர் கீறி வைத்தவர்களும் மன்னர்கள் இல்லை. மன்னர் பட்டியல் எழுதும் நேரத்தில் இப்படி நாலு ஓடு, நாலு பட்டை எழுதுங்கள்.

நிஜமாகவே படைக்கப்பட்ட வடக்கத்திக் குடியரசுகளும் உண்டு. லிதுவேனியத் தலைநகர் வில்னியஸில் உழுப்பிஸ் என்ற கலைஞர் பேட்டை, 1997 ஏப்ரல் 1 அன்று தன்னைக் குடியரசாக அறிவித்துக்கொண்டது. நாய்க்கு நாயாக இருக்க உரிமை உண்டு என்ற பிரிவைத்தான் சுற்றுலாக்காரர்கள் படம் பிடிப்பார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது பிரிவு: எல்லோருக்கும் சுடுநீர், குளிர்காலத்தில் கதகதப்பு, ஓட்டுக்கூரை ஆகியவற்றுக்கு உரிமை உண்டு. விளையாட்டாக எழுதினவர்கள்தான், ஆனால் 54 டிகிரியில் இருந்துகொண்டு எழுதினவர்கள். ஸ்வீடனில் லார்ஸ் வில்க்ஸ் என்ற கலைஞர், கடற்கரையில் தான் மரத்துண்டுகளால் கட்டிய சிற்பத்தைப் பற்றிய அதிகாரிகளோடான வழக்கு முற்றி, 1996இல் லடோனியா என்ற நாட்டை அறிவித்தார். சில ஆண்டுகளில் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ 3000 பேர், அது நிஜ நாடு என்று நம்பிக் குடியேற விண்ணப்பித்துவிட்டார்கள். குடியுரிமைப் படிவம் அவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கிறது. தூரத்தில் இருப்பவனுக்கு ஒரு நாட்டின் நிஜம் அதன் படிவத்தில்தான் தெரிகிறது. உங்கள் வாடைநாட்டுக்குக் கொடி வரைவதற்கு முன் வெளியூர்க்காரன் களஞ்சியக் கடன் கேட்கும் விண்ணப்பத்தை ஒன்று எழுதிப் பாருங்கள்; எந்தக் கட்டத்தில் பொய் சொல்வான் என்று தெரிந்தால் பாத்திரமும் கிடைத்துவிடும்.

முடிவை முதலில் எழுதலாம்

வடக்கத்திக் குடியரசு எப்படிச் சாகும் என்பதையும் தீவனக் கணக்கே சொல்லிவிடும். நோவ்கரத் 1478இல் மாஸ்கோவின் மூன்றாம் இவானிடம் போனது. கூட்டத்துக்கு அழைக்கும் மணியை இறக்கி மாஸ்கோவுக்கு எடுத்துப் போனார்கள். மணியை எல்லோரும் எழுதுவார்கள், உணர்ச்சிக்கு நன்றாக இருக்கும். எழுத்தாளருக்கு அதிகம் உதவுவது ஐஸ்லாந்தின் முடிவு. தீவில் கப்பல் கட்டும் மரம் இல்லை, கடல் கடந்து வருகிற கப்பலெல்லாம் அடுத்தவனுடையது, பெரிய குடும்பங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓய்ந்திருந்தன. 1262இல் நார்வே மன்னனுக்கு வரி கட்ட ஒப்புக்கொண்ட உடன்படிக்கையில், அடுத்த இரண்டு கோடைகளிலும் ஆண்டுக்கு ஆறு கப்பல் நார்வேயிலிருந்து ஐஸ்லாந்துக்கு வர வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. முந்நூறு ஆண்டுக்கும் மேலாக மன்னனில்லாமல் நடந்த மன்றம் தன்னைக் கொடுத்துக் கேட்டு வாங்கியதில் அந்த ஆறும் ஒன்று. வாடைநாடு கடைசியில் எதை வாங்குவதற்காகத் தன்னை விற்கும்? உப்பா, இரும்பா, விதைப் பார்லியா? அதைக் கிலோவிலோ கப்பலிலோ எண் போட்டு ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு முதல் அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.